செல்வத்தின் மீது எனக்கிருந்த பொறாமை

மலேசியாவில், புலாவ் செபாங் செம்பனைத் தோட்டத்தை விட்டு ரயில் நிலையத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். நெஞ்சு அடைத்து, கை மரத்து, செத்துவிடுவேன் என்று தோன்றியதால், குலை வெட்டும் நீளக் கம்பைப் போட்டுவிட்டுக் கிளம்பியிருந்தேன். இதே பயத்தில் இதற்கு முன் ஆறு வேலைகளை விட்டிருக்கிறேன். கேட்டவர்களிடமெல்லாம் வாயு என்றே சொன்னேன்.

என்னோடு ஜோடியாக வேலை செய்த செல்வத்துக்கும் இது வரும். அவன் மறைக்கமாட்டான். "வந்துருச்சு மண்டோர், பத்து நிமிஷம் லா" என்று மரத்தடியில் உட்கார்ந்துவிடுவான். எங்களை மேற்பார்க்கும் மண்டோரே அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அன்று செல்வம் மோட்டார் சைக்கிளில் என்னைத் துரத்தி வந்தான்.

"எங்கண்ணே கிளம்பிட்டீங்க?"

"வாயுடா."

"முன்ன ஆறு வேலைய விட்டேன்னு சொன்னீங்களே, அதுவும் இதே வாயுவா? ஏறுங்க, கிளினிக் போவோம்."

அவனுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் என்னைப் பரிசோதித்துவிட்டு, இதயத்தில் கோளாறு இல்லை, செல்வத்துக்கு வரும் அதே பதற்றம்தான் என்றார்.

வெளியே வந்ததும், "உன்னப் பாத்து ரொம்ப நாளா பொறாமைடா" என்றேன்.

"இந்த நோவுக்கா? பொறாமப்பட வேற ஆளே கெடைக்கலயா?" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனால் வாய்விட்டுச் சொல்ல முடிந்ததே, அதில்தான் இன்றும் பொறாமை.

இப்போதெல்லாம் எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதன்முதலாகச் சொன்னது மறுநாள் காலை, அதே மண்டோரிடம்.

"ஒனக்குமா? ஓடறதுக்கு முந்தி சொல்லியிருக்கலாம்லய்யா" என்று திட்டிவிட்டு, உதிர்ந்த பழம் பொறுக்கும் வேலையைக் கொடுத்தார். சாக்கை எடுத்துக்கொண்டு குனிந்தேன்.