பரிசலில் கொண்டுவந்த கள்

என் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் கள்ளுக் கலயத்தைக் கையில் தூக்கினேன். அதுவும் எனக்காக அல்ல, சாமிக்காக. நான் அதைக் குடித்தவனில்லை. குடிக்கிறவர்களுக்குப் பக்கத்தில் பந்தியில்கூட உட்காராதவன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான் என்றாலும், காலையில் குளித்துத் திருநீறு பூசிச் சிவசிவா என்று சொல்லாமல் என் பல்லில் பச்சைத் தண்ணீர் படாது. அப்படிப்பட்டவனைத் தேடிப் பிடித்து அந்த வேலை வந்து சேர்ந்தது.

எங்கள் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்த மறு வருஷம் அது. கள்ளுக்கடைகளையெல்லாம் மூடிவிட்டார்கள். ஊரில் பல வீடுகளில் அடுப்பு ஒழுங்காக எரிய ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான். எனக்கு அதில் பரம சந்தோஷம். எங்கள் குலத்தைக் காக்கிற முனியப்பனுக்கு அது சந்தோஷமா இல்லையா என்று நான் யோசித்துப் பார்க்கவில்லை. யோசிக்க வேண்டிய நேரம் ஆவணியில் வந்தது.

மூத்த மகளுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. அவளுக்கு முதலில் பேசிய சம்பந்தம் பத்திரிகை அடிக்கிற சமயத்தில் நின்று போனது. அதன் பிறகு இரண்டு வருஷம் அந்தப் பெண் வீட்டுக்குள்ளேயே தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். கோயிலுக்குக் கூப்பிட்டால்கூட வரமாட்டாள். அப்புறம்தான் மல்லசமுத்திரத்திலிருந்து இந்த இடம் வந்தது. செவ்வாய்ப்பேட்டைக்குப் போய்க் கூறைச்சேலை எடுத்து வந்த அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்தேன். இந்தத் தடவை ஒன்றும் தட்டிப் போய்விடக் கூடாதே என்று எனக்கு ராத்தூக்கம் இல்லை.

பந்தக்கால் நடுவதற்கு முன்னால் முனியப்பனுக்குப் படையல் போட வேண்டும். அது எங்கள் பங்காளிகளுக்குள் இருக்கிற முறை. பொங்கல், கிடாய்க்கறி, சுருட்டு, ஒரு கலயம் கள். பங்காளிகளில் மூத்தவர் என் பெரியப்பா. படையலைப் பார்த்து அவர் சரி என்று சொன்னால்தான் பந்தக்கால். அவர் சொல்லாவிட்டால் பங்காளி ஒருவரும் கலியாண வாசலை மிதிக்கமாட்டார்கள். பங்காளிகள் இல்லாத கலியாணத்தை மாப்பிள்ளை வீட்டார் என்னவென்று நினைப்பார்கள்?

"கடையே இல்லீங்களே பெரியப்பா. இந்த ஒரு தடவை எளநீ வெச்சுக் கும்பிட்டுக்கலாமுங்களா?" என்று கேட்டேன்.

"ஏண்டா, உன்னையக் கறிச்சோத்துக்குக் கூப்பிட்டுப்போட்டுக் கம்பங்கூழு ஊத்துனா நீ சும்மா போவியா?" என்றார்.

சேந்தமங்கலத்துப் பக்கம் மலையடிவாரத்தில் களவாக இறக்குகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். அதையும் அவரிடம் சொன்னேன். அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே.

"திருட்டுக் கள்ளு சாமிக்கு ஆவாது! கடைக் கள்ளுத்தான் வோணும். யாரு ஊட்டுக் கண்ணாலமோ அவந்தான் போய்க் கொண்டாரோணும்."

கடைக் கள் வேண்டுமென்றால் காவிரியைத் தாண்டி அக்கரைக்குப் போக வேண்டும். அக்கரை கோயமுத்தூர் ஜில்லா. அங்கே மதுவிலக்கு இல்லை. ஆனால் அங்கிருந்து ஒரு சொட்டு இந்தப் பக்கம் கொண்டுவந்தாலும் குற்றம். பரிசல் துறையில் போலீஸ்காரர்கள் உட்கார்ந்து கூடையை முகர்ந்து பார்க்கிறார்கள் என்று பேச்சு. இதையும் சொல்லிப் பார்த்தேன். பெரியப்பா சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிட்டார்.

படையல் அன்றைக்கு விடிந்ததும் மனைவியின் தம்பியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பரிசலேறினேன். கொடுமுடியில் முழுகிக் கோயிலுக்குப் போனேன். அன்றைக்குச் செய்யப்போகிற காரியத்துக்கு முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். பிறகு ஊருக்கு வெளியே தென்னந்தோப்பில் இருந்த கடைக்குப் போனோம். எனக்கு உள்ளே நுழையக் கால் வரவில்லை. நூறடி தள்ளி நின்றுகொண்டு மைத்துனனை மட்டும் அனுப்பினேன். போனவன் போனவன்தான். வெயில் ஏறிக்கொண்டே வந்தது. கடைசியில் ஒரு கலயத்தோடு சிரித்த முகமாக வந்தான்.

"ஏன் மாப்பிள்ளை இத்தனை நேரம்?"

"நல்ல சரக்கான்னு பாக்கோணுமில்லீங்க மாமா? சாமிக்குப் போறதாச்சே. மொதக் கலயஞ் சரியில்லை. ரெண்டாவதும் அப்படித்தான்."

"பாத்தாச்சில்ல, கெளம்பு."

"நீங்க முன்னால போங்க மாமா. நான் அடுத்த பரிசல்ல வாரேன்." சொல்லிக்கொண்டே திரும்பிக் கடைக்குள் போய்விட்டான். அன்றைக்கு அடுத்த பரிசல் எத்தனையோ வந்தது. அவன் மறுநாள்தான் வந்தான்.

நான் தனியாகக் கலயத்தைத் தூக்கிக்கொண்டு துறைக்கு வந்தேன். ஐந்து அடிக்கு ஒரு தடவை வாடை மூக்கில் ஏறியது. இந்த வாடையோடு போனால் போலீஸ்காரன் கூடையை முகரவே வேண்டாம், எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொள்வான். என் மூளை அப்போதுதான் வேலை செய்தது. கலயத்தின் வாயில் கொட்டாங்கச்சியைக் கவிழ்த்தேன். என் துண்டில் பாதியைக் கிழித்து இறுக்கிக் கட்டினேன். ஆற்றோரத்துக் களிமண்ணைக் குழைத்து அதன்மேல் பூசினேன். ஒரு பூச்சுப் போதாதென்று மூன்று பூச்சு. கால் மணி வெயிலில் வைத்ததும் மண் காய்ந்து கல்லாக இறுகிவிட்டது. முகர்ந்து பார்த்தேன். துளி வாடை இல்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு பரிசலேறினேன்.

பரிசலில் பன்னிரண்டு பேர். பாதிப் பேர் கொடுமுடியிலிருந்து தீர்த்தம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள். அவர்களுடைய தீர்த்தச் செம்புகள் நடுவில் இருந்தன. என் கலயத்தைப் போய் அவற்றோடு எப்படி வைப்பேன்? மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். எதிரே ஒரு வயதான அம்மாள். சும்மா வந்திருக்கலாம். என் நெற்றித் திருநீற்றையும் மடியில் இருந்த கலயத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தீர்த்தத்தை எத்தனை பத்தரமா வெச்சிருக்கறாரு பாரு," என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னாள். சொன்னதோடு விட்டாளா? தன் முந்தானையில் முடிந்திருந்த கோயில் பூவை எடுத்துக் கலயத்தின்மேல் வைத்தாள். அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கையை நீட்டினாள்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. போலீசுக்குப் பயந்து மறைத்தது சரி. கிழவி கள்ளுக் கலயத்தைக் கும்பிடுவதைப் பார்த்துக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பேன்?

"ஆயா, அதைக் கும்பிடாதீங்க. அது தீர்த்தமில்லீங்க."

"பின்னே என்ன சாமி?"

"முனியப்பனுக்குக் கொண்டு போறதுங்க."

"முனியப்பனுக்குத் தீர்த்தம் ஆவாதா?"

"கள்ளுங்க, ஆயா."

 அம்மாள் தன் பூவைத் திருப்பி எடுத்துக்கொண்டாள். நடு ஆற்றில் பரிசல்காரர் துடுப்பைத் தூக்கிவிட்டார். பரிசல் தானாகச் சுற்ற ஆரம்பித்தது.

"கள்ளா? ஏனுங்க, ஏறும்போதே சொல்லோணுமில்ல? போலீசு பாத்தான்னா என்ற பரிசலையில்ல புடுங்கி வெச்சுக்குவான்?" அப்போதுதான் அவர் கண் கலயத்தின் வாய்க்குப் போனது. "ஆமா, அது என்னத்துக்குங்க மண்ணைப் பூசி வெச்சிருக்கறீங்க?"

"வாசம் வராம இருக்கத்தானுங்க."

"அடக் கெரகமே! கள்ளு பொங்கீட்டே இருக்குமுங்க, மூச்சுடோணும்! இந்த வெயில்ல வாயை அடைப்பாங்களா? அவுத்துடுங்க, வெரசா அவுத்துடுங்க!"

குடித்தவனுக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்? மண்ணை நகத்தால் பெயர்க்கப் பார்த்தேன். உள்ளே உஸ் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். வேட்டுப் போட்டது மாதிரி வெடித்துக் கொட்டாங்கச்சி பறந்து ஆற்றில் விழுந்தது. கலயம் மடியிலேயே இரண்டாகப் பிளந்தது. நுரையும் கள்ளுமாக என் முகத்தில், அம்மாள் சேலையில், வெள்ளைச் சட்டை போட்ட ஒரு வாத்தியார் தலையில், எல்லார் மேலும் அடித்தது. தீர்த்தச் செம்புகளையும் விடவில்லை.

பரிசலில் இருந்தவர்கள் என்னைத் திட்டிய திட்டை எழுத முடியாது. "திருநீறு பூசற மூஞ்சியப் பாரு!" என்று ஒருவர். "சாமிக்காம், சாமிக்கு!" என்று இன்னொருவர். வாத்தியார் தலையைத் துடைத்த துண்டை முகர்ந்து பார்த்தார். அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. இப்படியே கரைக்குப் போனால் பரிசலோடு அத்தனை பேரையும் ஸ்டேஷனுக்குக் கொண்டு போவார்கள். பரிசல்காரர் ஒரு மணல் திட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். எல்லாரும் இறங்கித் துணியோடு முழுகினார்கள். செம்புகளைக் கழுவிக் கவிழ்த்தார்கள். பரிசலையும் கழுவினோம். நான் ஓட்டுச் சில்லுகளைப் பொறுக்கி ஆழத்தில் எறிந்தேன்.

துறையில் போலீஸ்காரர் இருக்கத்தான் இருந்தார். "என்ன, எல்லாரும் ஒண்ணா நனைஞ்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

 அந்த அம்மாள்தான் முன்னால் வந்தாள். "காவேரியில முழுவுனா நனையாம பின்ன பொசுங்குமா?" என்று கேட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்று மைல் ஈர வேட்டியோடு நடந்தேன். முனியப்பன் கோயிலில் பங்காளிகள் எல்லாரும் கூடியிருந்தார்கள். பொங்கல் இறக்கியாயிற்று. என் மகள் மஞ்சள் புடவையில் அம்மாவுக்குப் பின்னால் நின்றாள். பெரியப்பா என் இரண்டு கைகளையும் பார்த்தார்.

"எங்கடா?"

நடந்ததைச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. இரண்டு பேர் சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை.

"சாமிக்குக் கொண்டாந்ததை ஆத்துக்கு ஊத்திப்போட்டு வந்து நிக்கறான். படையலு இன்னைக்கு இல்லை. நாளைக்குப் போய்க் கொண்டா."

"இன்னைக்குத்தானுங்க மாமா மாப்பிள்ளை ஊட்டுலயும் பந்தக்கால் நடறாங்க. நாம நடலீன்னு சேதி போச்சுன்னா?" என்று கேட்டாள் என் மனைவி. மகள் தலை மறுபடியும் குனிந்துகொண்டது. 

பூசாரிதான் ஒரு வழி சொன்னார். சாமியிடமே பூ உத்தரவு கேட்கலாம் என்றார். முனியப்பன் கல்லின் உச்சியில் பூ வைத்துக் கேட்பது. வலப்பக்கம் விழுந்தால் சாமிக்குச் சம்மதம். பெரியப்பா முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார். இதை ஆடி மாசமே கேட்டிருந்தால் நான் காவிரிக்கே போயிருக்க வேண்டாம்!

பூசாரி அரளிப்பூ ஒன்றை நனைத்து வைத்தார். கள்ளில்லாத படையலை ஏற்றுக்கொள்வாயா என்று கேட்டார். எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம். பூ அசையவில்லை. பொங்கல் ஆறியது, கறி ஆறியது, குழந்தைகள் பசியில் அழுதன. பூ அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது. "நான் சொல்லலே?" என்றார் பெரியப்பா.

அந்த வார்த்தையில் எனக்குள் என்னவோ அறுந்துபோனது. சாமிக்கு முன்னால் அதுவரை குரல் உயர்த்தாதவன், கத்தினேன்.

"இன்னும் என்னத்தைப் பண்ணச் சொல்றே? தொடாததைத் தொட்டேன். ஊராரெல்லாங் காறித் துப்பற மாதிரி வந்து நிக்கறேன். உனக்கு வோணுமின்னா நீயே பரிசலேறிப் போய்க் குடிச்சுக்கோ! என்ற புள்ளை என்ன பண்ணுனா? அவளை எதுக்குக் காக்க வெக்கிறே?"

கத்திவிட்டு முகத்தைத் துண்டில் மூடிக்கொண்டேன். அதனால் நான் பார்க்கவில்லை. "வலப்பக்கமுங்க! வலப்பக்கம்!" என்று பூசாரி கூவினது மட்டும் கேட்டது.

"காத்துல விழுந்திருக்கும்," என்றார் பெரியப்பா.

"காத்தும் அவனுதுதானுங்களே," என்றார் பூசாரி.

நான் மண்ணில் விழுந்து கும்பிட்டேன். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். இன்றைக்கும் விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்கிறேன். எழுந்து பார்த்தபோது பெரியப்பா என் மகள் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டிருந்தார். பூசின கையோடு இலையில் உட்கார்ந்து, கறி ஆறிப்போய்விட்டது என்று குறையும் சொன்னார்.

அன்று பொழுது சாய்வதற்குள் பந்தக்கால் நட்டோம். குழியில் பால் ஊற்றி நவதானியம் போட்டு, நான் பந்தக்காலைப் பிடித்துக்கொள்ள, பங்காளிகள் மண் தள்ளினார்கள். வாசற்படியில் மகள் நின்றாள், தலை நிமிர்ந்து. பெரியப்பா நான்கு அடி தள்ளி நின்றுகொண்டு, "சாஞ்சிருக்குது, சாஞ்சிருக்குதுடா," என்று கடைசிவரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

சாயவில்லை. கொஞ்சங்கூடச் சாயவில்லை.