மணிக்கூண்டின் இடது கை

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டுக்கு வெளியே அதை யாரும் சீந்துவதில்லை. நீராவிக் குளியல் நிலையத்தில் எல்லோருக்கும் அவர் மணிக்கூண்டு. குளிக்க வருகிறவர்கள் சூட்டறைக்குள் நுழையுமுன் கழற்றும் கைக்கடிகாரங்களைத் தன் இடது கையில் கட்டிக்கொண்டு, வாசலில் முக்காலி போட்டுக் காவல் இருப்பதுதான் வேலை. கூட்டமான நாளில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கடிகாரம் ஏறியிருக்கும். அத்தனை இருந்தும், யாராவது மணி கேட்டால் எதிர்ச் சுவரில் தொங்கும் பழைய கடிகாரத்தைத்தான் பார்த்துச் சொல்வார்.

"கையில இருக்கறது அடுத்தவங்க நேரம் சார். அதைப் பாக்கக் கூடாது."

பெட்டியில் வைத்துப் பூட்டினால் என்ன என்று கேட்பீர்கள். பூட்டுப் பெட்டிகளும் இருக்கத்தான் செய்தன. அவற்றைச் செய்த புண்ணியவான் கொதிகலன் அறைச் சுவரோடு ஒட்டிப் பொருத்தித் தொலைத்திருந்தான். உள்ளே வைத்த சட்டை இஸ்திரி போட்டதுபோல் சுடச்சுட வெளியே வரும். அதில் எல்லோருக்கும் சந்தோஷம். கடிகாரங்கள்தான் ஒன்றன்பின் ஒன்றாக மூச்சை நிறுத்திக்கொண்டன. "பேசாம உங்க கையில கட்டிக்கிட்டு உக்காருங்க" என்றார் முதலாளியம்மா. அன்றைக்கு உட்கார்ந்தவர்தான். இருபத்திரண்டு வருடமாக ஒரு கடிகாரத்துக்கும் ஒரு கீறல் கிடையாது.

அதற்கு அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. இடது கை சூட்டறை வாசலைத் தாண்டாது. உள்ளே துண்டு கொடுக்க வேண்டுமா, கதவை முதுகால் தள்ளி, தலையையும் வலது கையையும் மட்டும் உள்ளே விடுவார். இடது கை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். புதிதாக வருகிறவர்கள் ஆள் கதவில் மாட்டிக்கொண்டார் என்று பதறி, அவரைப் பிடித்து இழுத்ததும் உண்டு. நாளடைவில் இந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கச் சொன்னால் வலது கை மட்டும்தான் வரும். "அந்தக் கைக்கு மட்டும் என்ன மாப்பிள்ளை முறுக்கு?" என்பாள் மனைவி.

வாரம் தவறாமல் வருகிறவர்களில் ஒருவர் கட்டட ஒப்பந்தக்காரர். அவருடைய கடிகாரத்தின் விலையில் சின்னதாக ஒரு வீடே கட்டலாம் என்று அவரே சொல்வார். கட்டுகிறவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஒவ்வொரு வாரமும் அதைக் கழற்ற முரண்டு பிடிப்பார்.

"யோவ் மணிக்கூண்டு, இது கடல்ல முந்நூறு மீட்டர் ஆழம் தாங்கும்யா."

"தாங்கட்டும் சார். கடல் கொதிக்காதே."

பிறகு பாடம் தொடங்கும். "உள்ள ரப்பர் வளையம் இருக்கு சார். சூட்டுல அது இளகும். வெளிய வந்ததும் நீங்க நேரா பச்சத்தண்ணித் தொட்டியில குதிப்பீங்க. உள்ள இருக்கற காத்து சட்டுனு சுருங்கி ஈரத்தை இழுத்துக்கும். சூடு மட்டும் பட்டா பொழைக்கும், தண்ணி மட்டும் பட்டா பொழைக்கும். ரெண்டும் அடுத்தடுத்து பட்டா ஆள் காலி."

ஒப்பந்தக்காரர் அலுத்துக்கொண்டே, நாலு பேர் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, கடிகாரத்தின் ஓரத்துக் குமிழை இழுத்துச் சுவர்க் கடிகாரத்தோடு நேரத்தைச் சரிபார்ப்பார். அந்தச் சடங்கு முடிந்த பிறகுதான் கழற்றிக் கொடுப்பார். மணிக்கூண்டு அதற்கு மணிக்கட்டிலேயே முதல் இடம் ஒதுக்குவார்.

ஒரு நாள் மதியம் ஒப்பந்தக்காரர் தன் மைத்துனரையும் கூட்டிவந்தார். யார் அதிக நேரம் சூடு தாங்குவது என்று இருவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. இரண்டு தடவை கதவுக்குள் தலையை விட்டு "போதும் சார், வெளிய வாங்க" என்று சொல்லிப் பார்த்தார் மணிக்கூண்டு. யார் காதில் விழுந்தது? கால் மணி நேரம் கழித்து உள்ளேயிருந்து மைத்துனர் அலறினார்.

"ஐயோ, மச்சான் சாஞ்சுட்டாரு!"

மணிக்கூண்டு பாய்ந்துபோய் வழக்கம்போல் முதுகால் கதவைத் தள்ளினார். ஒப்பந்தக்காரர் உட்காரும் மேல்படியில் துவண்டு கிடந்தார். மைத்துனர் அவருடைய கால் கட்டைவிரலைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். மணிக்கூண்டு வலது கையை நீட்டினார். "கையைப் பிடிச்சுக்கங்க சார்!" மயங்கிக் கிடக்கிறவர் எந்தக் கையைப் பிடிப்பார்? வெளியே நின்ற இடது கையில் ஆறு கடிகாரங்கள் இருந்தன. ஒன்றைக் கழற்றப் பார்த்தார். அந்த மனிதரின் முகம் வெளிறிக்கொண்டே போயிற்று. இடது கை வாசலைத் தாண்டியது.

அக்குளில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கிவந்து வெளித் தரையில் கிடத்தினார். உடனே திரும்பி, பச்சைத்தண்ணீர்த் தொட்டியில் முழங்கை வரை கையை விட்டு அள்ளி அள்ளி அவர் தலையில் ஊற்றினார். முதலில் சூடு, அடுத்தது தண்ணீர். ஊருக்கெல்லாம் நடத்திய பாடத்தை வரி பிசகாமல் தானே செய்து காட்டிவிட்டார்.

ஒப்பந்தக்காரர் கண் விழித்தபோது முகத்துக்கு நேரே அந்த இடது கை இருந்தது. ஐந்து கடிகாரங்கள் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தன. அதில் ஒன்று சந்தையில் வாங்கிய பிளாஸ்டிக். ஆறாவதின் கண்ணாடிக்குள் மட்டும் வெள்ளையாகப் பனி படர்ந்திருந்தது.

"என் வாட்ச் ஏன்யா வேர்க்குது?"

"உங்களைத் தூக்க உள்ள வந்துச்சு சார்."

"என்னைக் கேட்டியா?"

"கேட்டேன் சார். நீங்கதான் பதில் சொல்லல."

அந்த நேரம் பார்த்து மைத்துனர் சிரித்துத் தொலைத்தார். ஒப்பந்தக்காரர் கடிகாரத்தைப் பிடுங்கித் துண்டில் சுற்றிக்கொண்டு, திரும்பிப் பாராமல் போய்விட்டார்.

நடந்ததை மணிக்கூண்டே போய் முதலாளியம்மாவிடம் சொன்னார். "பாக்கலாம்" என்றார் அவர். அது எந்தப் பக்கத்துப் பாக்கலாம் என்று தெரியவில்லை. வேலை போனால்கூட வேறு வேலை தேடிக்கொள்ளலாம். நம்பிக் கொடுத்த பொருளைத் தன் கையே கெடுத்துவிட்டதே, இனி இந்தக் கையை எவன் நம்புவான் என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்தவர் நேராகச் சுடுதண்ணீரில் இரண்டு கையையும் விட்டுப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தார். மனைவிக்குப் பகீர் என்றது.

"என்ன ஆச்சு உங்களுக்கு?"

சொன்னார்.

"ஆள் பொழைச்சாரா?"

"பொழைச்சாரு."

"அப்புறம் என்ன? இத்தனை வருஷத்துல அந்தக் கை இன்னைக்குத்தான் ஒரு வேலை செஞ்சிருக்கு."

ஆனாலும் அவருக்கு மனசு ஆறவில்லை. மறுநாள் முக்காலியின் மேல் ஒரு பிளாஸ்டிக் தட்டை வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். வந்தவர்கள் தட்டைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள். "கையை நீட்டுங்க" என்றார்கள். "கை லீவுல இருக்கு சார்" என்றார் அவர். தட்டில் ஒருவரும் போடவில்லை. பாதிப் பேர் கடிகாரத்தைக் காலுறைக்குள் திணித்துவிட்டுக் குளிக்கப் போனார்கள்.

அடுத்த வாரம் ஒப்பந்தக்காரர் வந்தார். கடிகாரம் அவர் கையில் பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தது.

"ரிப்பேர்காரன் ஒரே ஒரு கேள்விதான்யா கேட்டான்" என்றார் ஒப்பந்தக்காரர், சுவரைப் பார்த்துக்கொண்டு. "ஓரத்துக் குமிழை இழுத்தவன் திருகி மூட வேண்டாமா, அதைத் திறந்துவிட்டது எந்த அறிவாளின்னு."

"நீங்க என்ன சார் சொன்னீங்க?"

"என் மச்சான்னு சொல்லிட்டேன்."

குமிழை மூன்று தடவை அழுத்தித் திருகினார். தட்டை ஒரு பக்கமாகத் தள்ளினார். மணிக்கூண்டின் இடது கையைத் தானே எடுத்து, கடிகாரத்தைப் பழைய இடத்தில் கட்டினார். சூட்டறைக் கதவு வரை போனவர் அங்கேயே நின்றார்.

"உள்ள போயி பத்து நிமிஷத்துல நான் வெளிய வரலைன்னா..."

"வந்து கேக்கட்டுமா சார்?"

"கேக்காம வாங்க" என்றார் ஒப்பந்தக்காரர். "ரெண்டு கையோடயும் வாங்க."