துசாந்தினி போட்ட பூட்டு

துசாந்தினிக்கு வாய் கொஞ்சம் நீளம். தோட்டவெளி என்ற ஊர்க்காரி. எங்கள் கந்தோரில் கணினிகளைப் பார்ப்பது அவள் வேலை. முன்மேசையில் இருந்துகொண்டு, வருகிறவர்களுக்குக் கதிரை காட்டித் தேத்தண்ணீர் கொடுப்பது முஸ்பிராவாகிய என் வேலை. காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்காக மன்னார் நகரத்தில் நடக்கும் சின்ன நிறுவனம் அது. தாய்மாரும் மனைவிமாரும் அழுதழுது சொன்ன வாக்குமூலங்கள் எல்லாம் எங்கள் சேர்வர் கணினியில் இருக்கின்றன. அவற்றிலிருந்து ஊர்வாரியாக, ஆண்டுவாரியாக எண்ணிக்கை எடுத்து, கலர் கலராகப் படம் போட்டுத் தரும் பெரிய அறிக்கை மென்பொருள் ஒன்றும் இருக்கிறது. கொழும்பில் இருப்பவர்களுக்கும் நிதி தரும் வெளிநாட்டுக்காரருக்கும் அந்தப் படங்கள் என்றால் உயிர்.

துசாந்தினி அந்த வாக்குமூலங்களில் ஒன்றைக்கூட வாசித்ததில்லை. அதில் அவளுக்குப் பெரிய கர்வம். "பூட்டுப் போடுறவள் உள்ளுக்கு எட்டிப் பாக்கக்கூடாது, முஸ்பிரா" என்பாள். போர்க்காலத்தில் அவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது, வீட்டைச் சோதிக்க வந்தவர்கள் அவளுடைய அக்காவின் டயறியை முற்றத்தில் நின்று சத்தமாக வாசித்துச் சிரித்தார்களாம். அதற்குப் பிறகு அக்கா ஒரு வரி எழுதவில்லை. இதை அவள் என்னிடம் ஒரேயொரு தடவைதான் சொன்னாள். ஏன் இந்தக் கணினிப் படிப்பைப் படித்தாள் என்று அதன் பிறகு நான் கேட்கவில்லை.

மாசி மாதத்தில் ஒருநாள் அந்த மென்பொருளைச் செய்தவர்களிடமிருந்து அவசர அறிவித்தல் வந்தது. பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறதாம். பெயரும் வேண்டாம், பாஸ்வேர்ட்டும் வேண்டாம், தெரிந்தவன் எவனும் நேரே உள்ளே போகலாமாம். துசாந்தினி அதை வாசித்த கையோடு எழும்பிப் போய்ச் சேர்வரின் வயரைப் பிடுங்கிவிட்டாள். எங்கள் பணிப்பாளர் அறையிலிருந்து ஓடிவந்தார்.

"என்ன துசாந்தினி, நாளைக்கு அறிக்கை போகோணுமெல்லே?"

"கதவில்லாத வீட்டில சனத்தின்ர சாமானை வைக்கேலாது, சேர். அறிக்கை பிந்தட்டும்."

மனுசன் முணுமுணுத்தார். கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தபடி இருந்தது, எல்லா ஏச்சையும் வாங்கினது நான். அவள் மென்பொருள்காரர் அனுப்பிய திருத்தத்தைச் சேர்வரில் போட்டு, எல்லோருடைய பாஸ்வேர்ட்டையும் மாற்றினாள். பிறகு யார் எப்போது எதைத் திறந்தார்கள் என்று சேர்வர் தானாகவே பதிந்து வைத்திருக்கும் விபரங்களைத் தோண்டத் தொடங்கினாள். ஒரு கிழமையாக அதே வேலைதான்.

கடைசியில் ஒரு காலை சிரித்துக்கொண்டு வந்தாள். வெளியார் ஒருவரும் உள்ளே வரவில்லை. ஒன்றும் களவு போகவில்லை. பணிப்பாளர் கேக் வாங்கிக் கொடுத்தார். "அப்ப விசயம் முடிஞ்சுது" என்றார்.

"முடியேல்லை, சேர். வாக்குமூலம் தந்தவையளுக்குப் போய்ச் சொல்லோணும். பத்திரமா இருக்குமெண்டு சொல்லித்தானே வாங்கினனாங்கள். கொஞ்சநாள் பத்திரமில்லாமல் கிடந்தது. நடந்ததைச் சொல்லாட்டிப் பிழை."

அந்த வேலைக்கு என்னையும் இழுத்துக்கொண்டாள். வருகிற தாய்மாருக்கு என் முகம்தானே தெரியும்.

அப்படித்தான் அவளுடைய ஸ்கூட்டியில் மன்னார்ப் பாலம் கடந்து, கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் இராசேஸ்வரி அம்மா வீட்டுக்குப் போனோம். அறுவடை முடிந்த நேரம். அம்மா தெருவோரத்தில் படங்கு விரித்து, நெல்லைக் காலால் அளைந்து காயவிட்டுக்கொண்டிருந்தார். போர் முடிந்த கையோடு, விசாரித்துவிட்டு விடுவோம் என்று ஆமிக்காரரால் பஸ்ஸில் ஏற்றப்பட்டவன் அவருடைய மகன் நிரூபன். மாதத்துக்கு ஒருமுறை கந்தோருக்கு வந்து "ஏதும் தெரிஞ்சதோ, பிள்ளை?" என்று கேட்பார். "இன்னும் இல்லை, அம்மா" என்று நான் சொல்வேன். தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போவார்.

துசாந்தினி நடந்ததை அவருக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னாள். அம்மா நெல்லை விட்டுவிட்டுக் கிட்ட வந்தார்.

"அப்ப ஆராவது வாசிச்சவையோ?"

"இல்லை, அம்மா. நல்லாப் பாத்தனான். ஒருத்தரும் திறக்கேல்லை."

"ஒருத்தருமோ?"

"ஒருத்தரும் இல்லை. நீங்கள் பயப்பிடாதைங்கோ."

"உங்கட கந்தோர் ஆக்களும் திறக்கேல்லையோ?"

அந்த இடத்தில் நான் என்றால், வாசித்தோம் என்று பொய் சொல்லியிருப்பேன். அல்லாஹ் மன்னிப்பான் என்று கூசாமல் சொல்லியிருப்பேன். துசாந்தினிக்கு அது வராது. படங்களுக்குத் தேவைப்பட்டது எண்ணிக்கை மட்டும்தான். நிரூபன் அதில் ஒன்று. அம்மா சொன்ன கதை எவருக்கும் தேவைப்படவில்லை.

"பதிஞ்ச நாளுக்குப் பிறகு ஒருத்தரும் திறக்கேல்லை, அம்மா" என்றாள். சொல்லும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. முகம் செத்துப்போனது.

அம்மா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப ஏன், பிள்ளை, பூட்டினனீ? திறந்து கிடந்தா ஒரு கள்ளனாவது வந்து வாசிச்சிருப்பானே."

துசாந்தினி படங்கின் ஓரத்தில் அப்படியே குந்திவிட்டாள். பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து மடியில் வைத்து, கந்தோர்ச் சேர்வரோடு தொடுத்தாள்.

"அம்மா, நான் வாசிக்கட்டோ?"

"வாசி."

அவள் வாசித்தாள். "எனது மகன் அன்று காலை ஒன்றும் சாப்பிடவில்லை. நான் பிஸ்கட் பைக்கற் ஒன்றைக் கொடுத்தேன். பாதியை என்னிடம் திருப்பித் தந்துவிட்டு பஸ்ஸில் ஏறினார். யன்னலால் கையைக் காட்டினார்." அம்மாவின் உதடுகள் கூடவே அசைந்தன. தான் சொன்னது ஒவ்வொன்றும் அவருக்கு மனப்பாடம்.

"அடையாளம்: இடது முழங்கையில் வெட்டுக்காயத் தழும்பு."

"வலது" என்றார் அம்மா.

துசாந்தினி நிமிர்ந்தாள்.

"வலது கை, பிள்ளை. வரம்பு கட்டேக்க மண்வெட்டி பட்டது. நான் வலதெண்டுதான் சொன்னனான்."

இத்தனை வருடமும் எங்கள் சேர்வரில் நிரூபனின் தழும்பு பிழையான கையில் இருந்திருக்கிறது. யாராவது ஒரே ஒரு தடவை அவருக்கு வாசித்துக் காட்டியிருந்தால் போதும். துசாந்தினி தலையைக் குனிந்துகொண்டு விம்மினாள்.

இராசேஸ்வரி அம்மா நெல்தூசி படிந்த கையைச் சேலையில் துடைத்துவிட்டு அவளுடைய தோளைப் பிடித்தார்.

"அழாத, பிள்ளை. முதல்ல அதைத் திருத்து. ஆராவது வாசிக்கிறதுக்கு முதல் திருத்து."