மாரித்தாய் போடாத தரை

எனக்குக் கோபம் வந்தால் கடைப் பையன்கள் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார்கள். இதை எழுதும்போதும் அதே கோபத்தில்தான் இருக்கிறேன். தென்காசியில் பெயிண்ட் கடை வைத்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. எத்தனையோ வேலையாட்களைப் பார்த்துவிட்டேன், மாரித்தாயைப் போல ஒருத்தியைப் பார்த்ததில்லை. அவளைச் சித்தாள் என்று கூப்பிடுகிறவனைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடையத்துக்காரி. நாற்பது வயது. கல்யாணமான புதிதில் புருஷனோடு சென்னைப் பக்கம் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலைக்குக் கூட்டிப் பெருக்கப் போனாள். அங்கே தரைக்கு எபாக்ஸி பூச வந்த ஆட்களோடு சேர்ந்துகொண்டு, பதினோரு வருடம் அந்த வேலையையே செய்துவிட்டு ஊர் திரும்பினாள். எபாக்ஸி என்றால் இரண்டு டப்பா. ஒன்றில் பிசின், மற்றதில் அதை இறுக வைக்கும் மருந்து. இரண்டையும் கலக்கிவிட்டால் அரை மணி நேரத்துக்குள் பூசியாக வேண்டும், தவறினால் வாளியிலேயே கல்லாகிவிடும். மாரித்தாய் சேலையைத் தூக்கிச் செருகி, மேலே ஒரு ஆண் சட்டையை மாட்டிக்கொண்டு, ஆணி வைத்த செருப்போடு ஈரப் பூச்சின் மேலேயே நடந்து ரோலர் ஓட்டுவாள். ஒரு கோடு, ஒரு குமிழ் இருக்காது. பார்க்கிற கொத்தனார்கள் மட்டும் "ஏ சித்தாளு, மேஸ்திரி எங்க?" என்பார்கள். "நாந்தான்" என்பாள். அதற்கு மேல் பேச மாட்டாள்.

இந்த வருடம் ஆனி மாதம் டாக்டர் பென்னி என்னிடம் வந்தார். ஊருக்குள் புதிதாக ஆஸ்பத்திரி கட்டுகிறார். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வராந்தா வரை எபாக்ஸி தரைதான் வேண்டும் என்றார். நான் மாரித்தாயைச் சொன்னேன். "அந்தம்மா போட்ட தரை ஒண்ணு பக்கத்துல இருந்தா காட்டுங்க அண்ணாச்சி. நல்லா இருந்தா வேலை அவங்களுக்குத்தான்" என்றார். அதுவரை அவள் செய்த வேலையெல்லாம் யாரோ ஒரு காண்ட்ராக்டர் பெயரில்தான் போயிருந்தது. இது அவள் பெயரிலேயே வரப்போகிற முதல் வேலை. செய்தியைச் சொன்னபோது மாரித்தாய் இரண்டு தடவை "என் பேர்லயா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

அந்த நேரத்தில்தான் குற்றாலீஸ்வரன் வந்து சேர்ந்தார். ராயகிரிக்காரர், ஓய்வு பெற்ற சப் இன்ஸ்பெக்டர், ஐந்தருவி சாலையில் வீடு. ராணுவத்தில் இருக்கும் மகன் புதுக் கார் வாங்கித் தருகிறான், அது நிற்கப்போகிற ஷெட்டின் தரை கண்ணாடி மாதிரி பளபளக்க வேண்டுமாம். "ஆடி பொறக்கதுக்குள்ள வண்டி உள்ள வந்திரணும்வே" என்றார். ஆடியில் புது வண்டியை யாரும் வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார்கள். டாக்டருக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்குமா என்று நானும் மாரித்தாயை அனுப்பி வைத்தேன்.

ஒரே நாளில் மிஷின் போட்டு ஷெட் தரை முழுவதையும் தேய்த்து, தூசியை உறிஞ்சி எடுத்தாள். பிறகு பிளாஸ்டிக் தாளை நான்கு சதுரமாக வெட்டி, ஓரத்தையெல்லாம் டேப் போட்டுத் தரையில் ஒட்டிவிட்டுப் போனாள். மறுநாள் காலை நானும் அங்கே இருந்தேன். தாளின் அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர்.

"கான்கிரீட்டுக்குள்ள ஈரம் இருக்கு. இதுமேல போட்டா ஒட்டாது அண்ணாச்சி, உரிஞ்சிரும். சாரல் நிக்கட்டும்" என்றாள்.

எங்கள் ஊர்க்காரர்களிடம் ஒரு புத்தி உண்டு. சாரலை நாங்கள் மழைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. கொடியில் போட்ட வேட்டி மூன்று நாளாகக் காயாது, உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும், தீப்பெட்டி பற்றாது. மழையா என்று வெளியூர்க்காரன் கேட்டால் "மழையெல்லாம் இல்லை, சாரல்தான்" என்போம். குற்றாலீஸ்வரனும் அதைத்தான் சொன்னார்.

"சாரல்லாம் ஒரு மழையா? பொறந்ததுலயிருந்து நனையுதேன், ஒரு தும்மல் வந்ததில்ல. பிளாஸ்டிக்கப் போட்டு மூடுனா எதுதான் வேர்க்காது? நீ போடுதியா இல்லயாட்டி?"

"போட மாட்டேன்யா" என்று சொல்லிவிட்டு மிஷினைத் தூக்கி ஆட்டோவில் வைத்தாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஸ்டேஷனில் முப்பது வருடம் யாரும் அவரிடம் மாட்டேன் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்தக் கோபத்தை என்மேல் காட்டினார். "நீரு பெயிண்ட் விக்கீரா, இல்ல அந்தப் பொம்பளகிட்ட உத்தரவு வாங்கி விக்கீராவே?" என்றார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. பெயிண்ட் விற்கிறவனுக்குப் பூசத் தெரியாதா என்கிற திமிர் தலைக்கேறியது. மறுநாளே அய்யாக்குட்டி என்ற பெயிண்டரைக் கூட்டிக்கொண்டு போய், நானே கலக்கி, நானே ரோலரைப் பிடித்து அந்தத் தரையைப் போட்டேன். ஆமாம், நான்தான். சாயங்காலம் பார்த்தால் அப்படிப் பளபளத்தது. குற்றாலீஸ்வரன் என் தோளில் தட்டினார். நானும் இளித்துக்கொண்டு நின்றேன்.

ஆனி கடைசி வெள்ளிக்கிழமை, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்துக் காரை உள்ளே விட்டார்கள். ஆடி பத்துக்குள் தரையில் பால் ஊற்றிய மாதிரி வெள்ளை பூத்தது. அப்புறம் டயர் நின்ற நான்கு இடத்திலும் பூச்சு அப்பளமாக எழும்பி, காரைப் பின்னால் எடுத்தபோது டயரோடு சேர்ந்து உரிந்து வந்தது. அவசரப்பட்டது தன் அப்பன்தான் என்று ராணுவத்து மகனுக்குத் தெரிந்துவிடக் கூடாதே! "அந்த மாரித்தாய் செஞ்ச வேல" என்று மகனிடமும் தெருவிலும் அவர் சொல்லிவைத்தார். டாக்டர் பென்னியின் காதுக்கும் அது போய், நேரில் போய்ப் பார்த்துவிட்டு என் கடைக்கு வந்தார்.

"அந்தத் தரை மாரித்தாய் போட்டதா அண்ணாச்சி?"

கடையில் நாலு வாடிக்கையாளர்கள் நின்றார்கள். நான் போட்டேன் என்று சொன்னால் நாளைக்கு என்னிடம் யார் வாங்குவார்கள்? "தேய்ச்சது அவதான் டாக்டர்" என்றேன். பொய் இல்லை பாருங்கள். அந்த நாக்கை என்ன செய்தால் தகும்? டாக்டர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

அதிலிருந்து எட்டாம் நாள் காலையில் மாரித்தாய் கடைக்குள் வந்தாள். குற்றாலீஸ்வரன் வீட்டுக்குப் போய்விட்டுத்தான் வந்திருக்கிறாள். கையில் ஒரு முழ நீளத்துக்கு உரிந்த எபாக்ஸித் துண்டு. அதைத் திருப்பி என் மேஜைமேல் போட்டாள். அடிப்பக்கம் இன்னும் ஈரமாக இருந்தது.

"இது யாரு போட்டதுன்னு அய்யாக்குட்டி சொல்லிட்டான். போன எடுங்க அண்ணாச்சி. டாக்டருக்குப் போடுங்க. நான் கேக்கணும், சத்தமா வைங்க."

போட்டேன். ஸ்பீக்கரில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வேண்டாம் என்றதை, பிளாஸ்டிக் தாளை, நான் ரோலர் பிடித்ததை, நாலு பேருக்கு முன்னால் பாதி உண்மை சொன்னதை.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி. நாகர்கோவில் பார்ட்டிக்கு நேத்துத்தான் வேலைய எழுதிக் கொடுத்தேன். ஆளுக இறங்கிட்டாங்க" என்று டாக்டர் போனை வைத்துவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை மேஜைமேல் எறிந்தேன். அந்தப் போலீஸ்காரனைச் சும்மா விடமாட்டேன், வாசலில் போய் நின்று நாறடிக்கிறேன், ஊரைக் கூட்டிக் கேட்கிறேன் என்று வாயில் வந்ததையெல்லாம் கத்தினேன். கடைப் பையன்கள் டப்பாக்களுக்குப் பின்னால் போய்விட்டார்கள். மாரித்தாய் மட்டும் நான் ஓயும்வரை அசையாமல் நின்றாள்.

"உங்க கோவம் எனக்கு எதுக்கு அண்ணாச்சி?" என்றாள். "அத வச்சு நான் என்ன செய்ய?"

ஆலங்குளத்தில் ஒரு காண்ட்ராக்டர் ரோலர் பிடிக்கக் கூப்பிட்டிருக்கிறார் என்று சொல்லிவிட்டு, பஸ் ஏறப் போய்விட்டாள்.