கழுத்துப் பிடிப்பும் கம்பெனி பஸ்ஸும்

சுங்குவார்சத்திரத்து டீக்கடை முன்னால் காரிலிருந்து இறங்குகிறேன்; கழுத்தைத் திருப்ப முடியவில்லை. மைசூர் இன்னும் எவ்வளவோ தூரம். "வீட்டுக்கே திரும்பிடலாமா?" என்கிறார் கணவர். இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்ட பயணம். எனக்கு அழுகை முட்டுகிறது.

கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும் சீருடைப் பெண் ஒருத்தி கிட்டே வருகிறாள்.

"இன்னாக்கா, கழுத்து புடிச்சிகிச்சா?"

"ஆமாம்மா."

"ஒரே எடத்துல குந்திகினு வந்தா அப்டித்தான். நானு கம்பெனி லைன்ல ஷிப்டு முழுக்க குனிஞ்சிகினு நிக்கிறேன். பிரேக் வுட்டா இதான் செய்வேன், பாரு."

தோள்களைப் பின்பக்கமாக மெதுவாகச் சுழற்றுகிறாள். டீ குடிப்பவர்கள் வேடிக்கை பார்ப்பதை அவள் சட்டை செய்யவில்லை. நானும் சுழற்றுகிறேன். பிறகு காரில் கிடந்த எங்கள் துண்டைச் சுருட்டி, என் இருக்கையில் இடுப்பு படும் இடத்தில் வைக்கிறாள்.

"மணிக்கு ஒரு தபா எறங்கி நடக்கா. வலி அதிகமானா டாக்டராண்ட போயிடு."

வலி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மைசூருக்கே போகலாம் என்று கணவரிடம் சொல்கிறேன். அதற்குள் பஸ் வந்துவிடுகிறது. நாள் முழுக்க நிற்கப் போகிறவள், துள்ளி ஏறுகிறாள். ஜன்னலுக்குள்ளிருந்து அதட்டுகிறாள்: "கூன் போடாதக்கா!"

நான் சட்டென்று நிமிர்கிறேன். பக்கத்தில் கணவரும் நிமிர்கிறார்.