ஒரே சட்டிச் சோறு

கொழும்பில், வெள்ளவத்தையில் சோறு என்றால் என் கடைதான். இதை நான் சொல்லத் தேவையில்லை. மத்தியான நேரம் காலி வீதி என்கிற பெரிய ரோட்டில் யாரை நிறுத்திக் கேட்டாலும் கையை நீட்டிக் காட்டுவார்கள். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கையெழுத்துப் போடுவேன், பேப்பரில் தலைப்பு வாசிப்பேன், அவ்வளவுதான் என் படிப்பு. ஆனால் வக்கீலும் பாங்க் மனேஜரும் என் மேசையில் இடம் கிடைக்கும்வரை வாசலில் நின்றிருக்கிறார்கள். கடையை ஒருக்கால் எரித்தார்கள், திரும்பக் கட்டினேன். அது வேறு கதை. இது என் அண்ணனின் கதை. சோறு ஆளைக் கொழுக்க வைக்குமா இல்லையா என்று இப்போது பார்க்கிற இடமெல்லாம் கதைக்கிறார்களே, அந்தக் கதைக்குள்தான் என் அண்ணனின் ஒரு கால் போனது.

நாங்கள் கொட்டாஞ்சேனை. அப்பா போன பிறகு அண்ணன் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனார். கொஞ்சம் வளர்ந்ததும் நானும் பின்னால் போனேன். கப்பலிலிருந்து இறங்குகிற அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக் கிட்டங்கிக்குள் அடுக்க வேண்டும். மத்தியானம் துறைமுகக் கேற்று வாசலுக்கு வெளியே ஒரு சாப்பாட்டுக் கடை. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. போதும் என்று ஒருவனும் வாயால் சொல்ல மாட்டான். சோற்றைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது என்பார்கள். வயிறு நிறைந்தால் சாப்பிடுகிற கோப்பைக்கு, தட்டுக்கு மேலே உள்ளங்கையை வைத்து மறைக்க வேண்டும். மறைக்கும்வரை பரிமாறுகிறவன் போட்டுக்கொண்டே இருப்பான். நாங்களெல்லாம் ஒரு கட்டத்தில் கையை வைத்துவிடுவோம். அண்ணன் கை வைத்து நான் கண்டதில்லை. சட்டி முடிந்ததென்று கடைக்காரன் சிரித்துக்கொண்டு அகப்பையைக் கவிழ்த்துக் காட்டுவான். அப்போதுதான் எழும்புவார்.

அப்படிச் சாப்பிட்ட மனிதனுக்கு வயிறென்று ஒன்று இருக்கவில்லை. கல்லில் வெட்டினது மாதிரி முதுகு. அரிசியைத் தோளில் சுமந்தோம், அந்த அரிசியையே வயிற்றில் போட்டோம், திரும்பவும் சுமந்தோம். சோறு கொழுப்பு என்று அந்த நாளில் யாராவது சொல்லியிருந்தால் விசரன், பைத்தியக்காரன் என்று கலைத்திருப்போம்.

எனக்கு மூளை கொஞ்சம் கூட. அதனால் நேரத்தோடு தோளிலிருந்து மூட்டையை இறக்கினேன். சைக்கிளில் சோற்றுப் பார்சல் கட்டி விற்று, பிறகு ஒரு தட்டி மறைப்பில் விற்று, பிறகு வெள்ளவத்தையில் கடை. ஒருவனுடைய உதவியும் இல்லை. அண்ணனையும் வரச்சொல்லிக் கேட்டேன். "தோள் இருக்கேக்க அகப்பை எனக்கு எதுக்கடா?" என்றார். அதற்குப் பிறகு கொண்டெய்னர் வந்தது. நூறு பேர் தூக்கினதைக் கிரேன் ஒரு கொக்கியில் தூக்கி வைத்தது. அண்ணனுடைய கையில் கொஞ்சம் சல்லியைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அன்றிலிருந்து மத்தியானமானால் இரத்மலானைப் பஸ்ஸில் ஏறி என் கடைக்கு வந்துவிடுவார். அவருக்கென்று ஒரு பெரிய இனாமல் கோப்பை வைத்திருந்தேன். என் கடையிலும் துறைமுகத்து வழக்கம்தான், கை வைக்கும்வரை சோறு. பரிமாறுகிற சிங்களப் பொடியன்கள் அவரை "லொக்கு அய்யே" என்று கூப்பிட்டுப் பகிடி விடுவார்கள், பெரியண்ணன் என்று அர்த்தம். "லொக்கு அய்யே வந்தாச்சு, இன்னொரு சட்டி ஏத்துங்கோ!" அவரும் விடமாட்டார். "ஏத்தடா. உன்ர முதலாளியை வளர்த்ததே நான்தான்." சொன்னது உண்மையும்தான்.

சோறு அதே சோறு. ஆனால் அண்ணன் பெருத்துக்கொண்டே போனார். சட்டைப் பொத்தான் பூட்டாது. உட்காருகிற கதிரையின் கை இடிக்கிறதென்று அவருக்குக் கையில்லாத கதிரை போட்டோம். பஸ் படியில் ஏறும்போது கொண்டக்டர் பின்னாலிருந்து தள்ளுவானாம். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அந்த நாட்களில்தான் பாங்கில் வேலை செய்கிற பிள்ளைகள் கடைக்கு வந்து ஒரு புதுக் கதை சொல்லத் தொடங்கினார்கள்.

"அங்கிள், எனக்குக் காப்ஸ் வேண்டாம். கறி மட்டும் போடுங்கோ."

"அதென்ன பிள்ளை காப்ஸ்? அப்படியொரு கறி நான் வைக்கேல்லையே."

"சோறு அங்கிள், சோறு! அதுதான் ஆளைக் குண்டாக்கிறது."

என் கடையில் நின்றுகொண்டு சோற்றைக் குற்றம் சொன்னாள். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "என்னைப் பார், சோறு தின்றே நான் இந்த வயசுக்கு வந்தனான். எங்கேயாவது ஒரு இறாத்தல் சதை கூட இருக்குதோ?" என்று சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணன் மூலை மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை.

பிறகு அண்ணனுக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, என்று கண்டுபிடித்தார்கள். வலது காலில் செருப்பு வார் வெட்டின ஒரு புண். ஆறவில்லை. அண்ணனின் மகள் கடைக்கு வந்து என் கையைப் பிடித்தாள்.

"சித்தப்பா, அப்பாவுக்கு இனிச் சோறு குடுக்காதேங்கோ. சோத்தாலதான் இவ்வளவும். கால் போயிடும் எண்டு பயமாயிருக்கு."

மூலை மேசையிலிருந்த அண்ணன் தலையாட்டினார். அடுத்த நாளிலிருந்து சோற்றைத் தொடவில்லை. சோற்றுக்குப் பதிலாக இடியப்பம். எங்கள் ஆட்களுக்குச் சுகமில்லை என்றால் இடியப்பம்தானே கொடுப்பது? காய்ச்சல்காரனுக்கும் இடியப்பம், பிள்ளை பெற்றவளுக்கும் இடியப்பம். அது பாரமில்லாத சாப்பாடு என்று கடையில் ஒருவனுக்கும் சந்தேகமில்லை, எனக்கும் இல்லை. தட்டுத் தட்டாக அடுக்கி, சொதியை ஊற்றி, சம்பலை வைத்துக் கொடுத்தோம். இரவில் வீட்டில் பேக்கரிப் பாண். சில நாள் பிட்டு. அண்ணன் பெருமையாகச் சொல்லித் திரிந்தார், "சோறு விட்டு மாதக்கணக்காச்சு." ஆனால் உடம்பு இறங்கவில்லை. "காத்தைக் குடிச்சாலும் ஊதுறன் போல கிடக்கு" என்றார் ஒருநாள்.

கிளினிக்குக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் ஒரு சின்னப் பெட்டை, எங்கள் ஆள்தான்.

"என்ன ஐயா சாப்பிடுறீங்கள்?"

"சோறு தொடுறேல்லை, டொக்டர். இடியப்பம் மட்டும்தான்."

"இடியப்பம் என்னத்தில செய்யிறது?"

அண்ணன் என்னைப் பார்த்தார். கடைக்காரன் நான்தானே. "அரிசி மா" என்றேன். சொன்ன பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. டொக்டர் சிரிக்கவில்லை. அவ சிரித்திருந்தால் எங்களுக்கு லேசாக இருந்திருக்கும்.

நான் விடுகிற ஆள் இல்லை. பெரிய ஆட்களிடமெல்லாம் கேள்வி கேட்டவன். "அப்ப ஒண்டு சொல்லுங்கோ டொக்டர். நானும் இவரும் ஒரே சட்டிச் சோறு. நான் ஏன் கொழுக்கேல்லை? அப்ப சோத்திலயா பிழை?"

"நீங்கள் நாள் முழுக்க என்ன செய்யிறீங்கள் ஐயா?"

"கடை. விடிய எழும்பினா நடை. குந்த நேரமில்லை."

"பெரியவர் என்ன செய்யிறார்?"

நான் சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் முந்திவிட்டார்.

"நான் ஒண்டும் செய்யிறேல்லை, டொக்டர்."

அதைச் சொன்ன குரலை இப்போதும் மறக்க முடியவில்லை. கொழும்புத் துறைமுகத்தைத் தோளில் சுமந்த மனிதன்.

டொக்டர் எங்களுக்கு விளங்குகிற மாதிரித்தான் சொன்னா. சோறு மட்டும் குற்றவாளி இல்லை, சோறோ பாணோ எண்ணெயோ, உடம்பு செலவழிப்பதைவிடக் கூடினால் உடம்பிலேயே தங்கும் என்றா. மூட்டை தூக்கின நாளில் அண்ணனுக்கு அவ்வளவு சோறும் வேண்டியிருந்தது, இப்போது வேண்டாம். ஆனால் சீனி வருத்தம் வந்த பிறகு சோறு, இடியப்பம், பாண் எல்லாமே இரத்தத்தில் சீனியாகத்தான் நிற்கும். ஆகவே அளவாக, மரக்கறியோடு. மருந்து தவறக்கூடாது. புண் ஆறும்வரை காலை ஊன்றி அலையக்கூடாது. "நோகுதோ ஐயா?" என்று புண்ணை அமத்திக் கேட்டா. அண்ணன், "இல்லையே" என்று சந்தோசமாகச் சொன்னார். "நோகாததுதான் எனக்குப் பயம்" என்றா டொக்டர்.

கொட்டாஞ்சேனையில் அண்ணனின் வீடு மாடியில், படி ஏற வேண்டும். என் வீட்டில் லிஃப்ட் இருக்கிறது. அதனால் என்னோடு கொண்டுவந்து வைத்தேன். என் மனுசி அளந்து போட்டாள். கொஞ்சம் சிவப்பரிசிச் சோறு, மிச்சமெல்லாம் கீரை, பயற்றங்காய், மீன். பெரிய கோப்பையில் போட்டால் வெறுமையாகத் தெரியுமே என்று சின்னக் கோப்பையில் போட்டாள். அண்ணன் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"துறைமுகம் என்ர தோளை வேண்டாமெண்டுது. இப்ப நீ என்ர வயித்தையும் வேண்டாமெண்டுறியா?"

"அண்ணே, கால் போயிடும்."

"எங்க போறதுக்கடா எனக்குக் கால்?"

நான் பேச்சில் தோற்ற ஆளில்லை. அன்று கோப்பையை அவர் பக்கம் தள்ளிவிட்டுக் கடைக்குப் போனேன்.

சில கிழமைக்குப் பிறகு, பக்கத்துச் சந்தில், ஒழுங்கைக்குள் சோற்றுக்கடை வைத்திருக்கிறவன் என் கல்லாவில் சாய்ந்துகொண்டு, "என்ன முதலாளி, உங்கட சோறு சரியில்லையோ? உங்கட அண்ணன் எங்களிட்டயெல்லோ வாறார்?" என்றான். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் போட்டது போட்டபடி விட்டுவிட்டு நடந்தேன். நாங்கள் கடைக்கு வந்த பிறகு, அண்ணன் லிஃப்டில் இறங்கி, அந்தப் புண் காலோடு ஒழுங்கை முழுக்க நடந்து அங்கே போயிருக்கிறார்.

அவனுடைய கடைக்குள் மேசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முன்னால் சோறு குவியலாக இருந்தது. பரிமாறுகிறவன் அகப்பையோடு நிற்க, அண்ணன் கை வைக்கவில்லை. என்னைக் கண்டதும் ஒளிக்கவில்லை, வெட்கப்படவுமில்லை. முன்கதிரையைக் காலால் தள்ளி, "இரு. நீயும் சாப்பிடு" என்றார், துறைமுகத்துக் கேற்றடியில் சொல்வது போல.

ஏசத்தான் போனேன். இருந்து சாப்பிட்டேன். சோறு குழைந்திருந்தது, பருப்பில் உப்பில்லை. அதை இப்போதும் யாரிடமும் சொல்வேன். அண்ணன் அதைச் சாப்பிட்ட விதத்தைத்தான் யாரிடமும் சொல்ல வரவில்லை. நெற்றி வேர்த்திருந்தது. ஒரு நாள் வேலை முடித்த மனிதனின் முகம் அது.

மழை தொடங்கின நேரம் காலில் கறுப்பு ஏறினது. களுபோவிலைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். அங்கே பார்க்க வேண்டியதெல்லாம் நல்லாகத்தான் பார்த்தார்கள். ஆளைக் காப்பாற்ற வேண்டுமானால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார்கள். கடுதாசியில் அண்ணனே கைநாட்டு வைத்தார்.

அதற்குப் பிறகு அண்ணன் மெலிந்தார். கன்னம் ஒட்டினது. மூட்டையை ஏற்றி ஏற்றித் தழும்பு பட்ட தோளெலும்பு துருத்திக்கொண்டு வெளியே வந்தது. பார்க்க வந்த சொந்தக்காரர்களில் ஒருத்தி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "பரவாயில்லையே, அத்தான் நல்லா மெலிஞ்சிட்டார்!" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். அண்ணனின் மகள் குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். தண்ணீர் ஓடுகிற சத்தம் நெடுநேரம் கேட்டது.

சாப்பாடே இறங்காமல் போனபோது டொக்டர், இனி விரும்புகிறதைக் கொடுங்கோ என்று சொல்லிவிட்டா. அன்று மத்தியானம் கடையை என் மகனிடம் விட்டுவிட்டு, நானே அடுப்படியில் நின்றேன். நாட்டரிசிச் சோறு, பருப்பு, கருவாட்டுக் குழம்பு, பொரித்த மிளகாய். வெள்ளவத்தையில் ஒருவனும் அப்படி வைக்க மாட்டான். கடையிலிருந்து அந்த இனாமல் கோப்பையையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

கட்டிலில் தலையணை வைத்துச் சாய்த்து இருத்தினோம். கோப்பையை மடியில் வைத்தேன். முதல் அகப்பைச் சோற்றைப் போட்டேன். அண்ணன் குனிந்து மணந்து பார்த்தார்.

"குழையேல்லை" என்றார்.

"என்ர கைச் சோறு எப்ப குழைஞ்சது?" என்றேன். கொஞ்சம் சிரித்தார்.

ஒரு பிடி சாப்பிட்டார். விழுங்க நேரம் எடுத்தது. நான் இரண்டாவது அகப்பையை நிறைத்துக்கொண்டு கோப்பைக்கு மேலே நீட்டினேன்.

அண்ணன் தன் கையைத் தூக்கினார். மெல்லக் கொண்டுவந்து, உள்ளங்கையைச் சோற்றுக்கு மேலே வைத்து மறைத்தார்.

நான் அகப்பையை இறக்கவில்லை. எடுத்துவிடுவார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். சோற்றின் ஆவி அவருடைய விரல்களுக்கு இடையால் வந்துகொண்டிருந்தது. கை அப்படியே இருந்தது.