ஆறாம் அறையில் எரிந்த விளக்கு

சத்தியராஜ் மோசமான ஆள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இராஜாக்கமங்கலம் பக்கத்தில் கேட் ரிமோட்டோ கார் ரிமோட்டோ கெட்டுப்போனால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். சவூதியில் தம்மாமில் ஒயர்லெஸ் வேலை பார்த்துவிட்டு வந்தவன். தான் செய்த வேலையில் குறை என்று காதில் விழுந்தால் கூப்பிடாமலே வந்து நிற்பான். பேர் கெடக்கூடாது, அதுதான் அவனுக்குப் பெரிசு.

நான் வேன் ஓட்டுகிற முதியோர் இல்லத்துக்கு அபாய மணி போட்டதும் அவன்தான். ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு பொத்தான் தொங்கும். விழுந்துவிட்டால் அமுக்க வேண்டும். அறைக்கு ஒரு சின்னப் பெட்டி சுவரில் இருக்கும். எந்தப் பெட்டிக்குப் பொத்தானின் அலை பலமாக வருகிறதோ, அந்த அறையின் விளக்கு முன்கூடத்துப் பலகையில் எரியும், மணியும் அடிக்கும். அமுக்கியது யார் என்று பலகை சொல்லாது, இடத்தை மட்டும்தான் சொல்லும். கட்டடம் பிரதிஷ்டை ஆகித் திறப்பதற்கு முன்னால் சத்தியராஜ் ஒரு பொத்தானோடு அறை அறையாக நடந்து பார்த்தான். ஒன்றும் பிசகவில்லை.

பிசகாதுதான். அப்போது அறைகள் எல்லாம் காலி.

பிறகு ஆட்கள் வந்தார்கள். இந்தப் பக்கத்து வயசாளிகள் வீட்டை விட்டுவிட்டு வருவார்கள், பீரோவை விட்டுவிட்டு வரமாட்டார்கள். கல்யாணத்துக்குக் கொடுத்த இரும்பு பீரோ. வீட்டு ஆதாரப் பத்திரத்திலிருந்து, செத்தால் உடுத்திவிட வேண்டிய சேலை வரைக்கும் அதற்குள்தான் இருக்கும். கதவோரச் சுவரில்தான் அதற்கு இடம் இருந்தது. பெட்டி இருந்ததும் அதே சுவர்.

2012 ஆடி மாதம், ஒரு மத்தியானம். நாலாம் அறை சண்முகவடிவம்மாள் குளியலறையில் வழுக்கி விழுந்து பொத்தானை அமுக்கினார்கள். பலகையில் எரிந்தது ஆறு. ஆறாம் அறை முற்றத்துக்கு எதிர்ப்புறம். அன்று வேலையில் இருந்த தங்கபாய் அங்கே ஓடினாள். மரியஜான் பாட்டா குறட்டை விட்டுக்கொண்டு கிடந்தார். திரும்பி வந்தால் மறுபடியும் ஆறு. தூக்கத்திலும் செபமாலையை உருட்டுகிற மனுஷன், அதோடு சேர்த்து இதையும் அமுக்குகிறார் என்று அவள் நினைத்துவிட்டாள்.

“பாட்டா, மாலைய உருட்டும். இத உருட்டாதயும்” என்று பொத்தானைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்தாள். திரும்பவும் ஆறுதான் எரிந்தது. பலகைக்குத்தான் கோளாறு என்று மணிச் சத்தத்தை அடைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்க்கப் போனாள். சாயங்காலம் தேயிலைத் தண்ணி கொடுக்க நாலாம் அறைக்குப் போனபோதுதான் வடிவம்மாள் தரையில் கிடந்ததைக் கண்டாள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கொண்டுபோனேன். வழி முழுக்க அந்த அம்மாள் ஒன்றையே கேட்டுக்கொண்டு வந்தார்கள்: “நான் அமுக்கினேனே மக்கா, ஏன் ஒருத்தரும் வரல்ல?”

வார்டன் ஞானையன், கமிட்டி கூடி முடிவு சொல்லும் வரை வரவேண்டாம் என்று தங்கபாயை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவள் சம்பளத்தில்தான் மகள் ரெனிஷா நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சத்தியராஜ் வந்தான். நாலாம் அறைக்குள் போனவன் பீரோவின் பின்னால் எட்டிப் பார்த்தான். அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். இரும்புத் தகடு பெட்டியை முழுக்க மறைத்திருந்தது. அலை குளியலறை சன்னல் வழியாக வெளியேறி, முற்றத்தைத் தாண்டி, பீரோ மறைக்காத ஆறாம் அறைப் பெட்டிக்குப் பலமாகக் கேட்டிருக்கிறது. அவனுக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஆனால் வார்டனிடம், பொத்தான்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன, உப்புக்காற்றுக்குக் கொஞ்சம் சர்வீஸ் செய்ய வேண்டும் என்று மட்டும் சொன்னான். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் மணி வேலை அவன் கைக்கு வருவதாக இருந்த நேரம் அது.

அந்த வாரம் முழுக்க வேலை பார்த்தான். பெட்டிகளைச் சுவரிலிருந்து பெயர்த்து அறை நடுவே கூரையில் பொருத்தினான். குளியலறைக்குத் தனிப் பெட்டி வைத்தான். ஒவ்வொரு பெட்டியும் தன் அறையை மட்டும் கேட்கிற அளவுக்கு அதன் காதைக் குறைத்தான். வேலை சுத்தமான வேலை. ஆனால் ஆள் சாப்பிடவில்லை. தங்கபாய் எப்படி இருக்கிறாள் என்று என்னிடம் கேட்பான். நான் சொல்லத் தொடங்கினால் ஏணியில் ஏறிவிடுவான்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடியது. தங்கபாயை நிறுத்திவிடலாம் என்று பேச்சு வந்தபோது சத்தியராஜ் உள்ளே போய், எல்லாரும் பலகை முன்னால் வந்து நிற்க வேண்டும் என்றான். நாலாம் அறையின் குளியலறைப் பெட்டியை நிறுத்தி, கூரையில் இருந்ததைக் கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் அதே பழைய ஆணியில் மாட்டினான். ஆறாம் அறைக்கும் பழைய காதையே கொடுத்தான். குளியலறைத் தரையில் உட்கார்ந்து பொத்தானை அமுக்கினான். ஆறு எரிந்தது.

“தங்கபாய் பலகை சொன்ன இடத்துக்குத்தான் ஓடினா. பலகை சொன்னது தப்பு. பலகை எனக்க வேலை” என்றான்.

ஆஸ்பத்திரி வேலை அவன் கையை விட்டுப் போனது.

தங்கபாய் வேலைக்குத் திரும்பிய அன்று வாசலில் காத்து நின்றான். தனக்கு மறுநாளே தெரியும் என்று அவளிடமும் சொன்னான். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அவள் கையில் இருந்த பையைத் தரையில் வைத்தாள்.

“தெரிஞ்சிட்டா ஒரு வாரம் இருந்தீரு? அந்த அம்மைய முடக்கிப்போட்டது நாந்தான்னு எனக்குச் சோறு எறங்கல்ல.”

அவன் மன்னிப்பு என்று ஏதோ தொடங்கினான்.

“மணிச் சத்தத்த அடச்சது நான். அது எனக்குள்ளது, அத நீரு எடுக்காண்டாம். அந்த ஒரு வாரம் உமக்குள்ளது. அத எனக்கத் தலயில எறக்கி வைக்காதயும்.”

வடிவம்மாள் வாக்கரோடு திரும்பி வந்தார்கள். இப்போதெல்லாம் புதிதாக யார் சாமானோடு வந்தாலும் சத்தியராஜ் வந்துவிடுவான். சாமான் எல்லாம் இறக்கி, ஆளும் கட்டிலில் படுத்த பிறகுதான் நடந்து பார்ப்பான். கட்டிலில் இருந்து அமுக்குவான், தரையில் கிடந்து அமுக்குவான். தங்கபாய் பலகைக்கு முன்னால் நின்று எரிகிற எண்ணைக் கூவிச் சொல்வாள். அந்த எண்ணைத் தவிர அவனிடம் அவள் வேறு ஒரு வார்த்தை பேசியதில்லை.